மார்கரெட் ஹேலி அம்மையார்

அமெரிக்க நாட்டில் மிச்சிகன் பேரேரியின் கரையில் அமைந்த சிக்காகோ மாநகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிக விரைந்து வளர்ந்தது. அயர்லாந்து, செருமனி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்பு நாடிப் புறப்பட்டோர் அங்கே திரள் திரளாக வந்து குடியேறினர். அவர்தம் மக்கள் கற்பதற்கெனப் பொதுப்பள்ளிகள் பல தோன்றின. தோன்றியும், பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. கற்பிப்போர்க்கு ஊதியமும் போதவில்லை. அப்பள்ளிகளுள் ஒன்றில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாய் இருந்து, பின்னர் அந்நகரத்து ஆசிரியைகள் அனைவர்க்கும் தலைவியாய் விளங்கியவரே மார்கரெட் ஹேலி அம்மையார்.

அவர் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1861-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து மரபினர். தந்தையார் மைக்கேல் ஹேலி உழைப்பாளர் இயக்கத்தில் பற்றுடையவர். நேர்மைக்கு மாறானதைக் கேட்டுக்கொண்டு வாளா இருக்கும் இயல்பு அவரிடம் இல்லை. மகளிர் உரிமைக்குப் பாடுபட்ட சூசன் அந்தோணி அம்மையாரைச் சொற்பொழிவாளர் ஒருவர் எள்ளி நகையாடக் கேட்டு, அவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு அவையினின்றும் எழுந்து வெளியேறினார். சிறுமி மார்கரெட்டின் நெஞ்சில் அந்நிகழ்ச்சி ஆழப் பதிந்தது.

தந்தையார் நடத்திய கற்சுரங்கத் தொழில் நொடித்தது. குடும்பம் வறுமையுற்றது. அதனால், கல்லூரியில் கால்வைக்க வேண்டிய பதினாறாம் வயதில் மார்கரெட் நாட்டுப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியை ஆனார். சில ஆண்டுகளில் சிக்காகோ சென்று, ஆசிரியப் பயிற்சியில் புதுமை கண்ட பிரான்சிஸ் பார்க்கர் என்பாரிடம் பயின்றார். பின்னர் இறைச்சித் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் இருந்த ஹென்றிக்ஸ் பள்ளியில் அமர்ந்து, பதினாறு ஆண்டுகள் கற்பித்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐம்பதின்மர், அறுபதின்மர் என ஓரறையில் நெருங்கி அமர்ந்திருப்பர். அத்துணைப் பேருக்கும் ஒருத்தி கற்பித்தல் எங்ஙனம் இயலும் என்னும் வினா நாள்தோறும் அவர்முன் நின்றது.

1895-ஆம் ஆண்டில் ஆசிரியர்க்கு முதுமைக்கால உதவிப் பணம் அளிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனைக் காத்துக்கொள்ளும் பொருட்டு 1897-ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சிக்காகோ ஆசிரியர் கூட்டமைப்பு என்னும் சங்கத்தை நிறுவினர். கேதரின் காகின் என்னும் அம்மையார் அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். அவரும் ஹேலியும் உடன்பிறந்தார்போல் ஒன்றி உழைத்தனர். அந்நாளில் அனுபவம் மிக்க ஆசிரியைக்கும் ஆண்டொன்றுக்கு 825 டாலருக்கு மேல் ஊதியம் இல்லை. 1877-ஆம் ஆண்டு முதல் அவ்வெல்லை உயரவே இல்லை. சங்கத்தின் முயற்சியால் ஊதியத்தைச் சிறுகச் சிறுக உயர்த்துவதாகக் கல்விக் கழகம் 1898-ஆம் ஆண்டில் உறுதி கூறியது. ஆயின் 1900-ஆம் ஆண்டில், பணம் இல்லை எனச் சொல்லி அவ்வுறுதியினின்றும் பின்வாங்கியது.

பணம் இல்லை என்ற சொல்லைக் கேட்டுப் பலரும் சோர்ந்தனர். ஹேலி அம்மையாரோ, பணம் ஏன் இல்லை என்று ஆராயத் தொடங்கினார். பள்ளிகள் வரிப்பணத்தால் நடப்பன. ஆகவே, வரி செலுத்த வேண்டியவர் எல்லாரும் செலுத்துகின்றனரா என்பதைக் காணவேண்டும் எனத் துணிந்தார். அவரும் காகின் அம்மையாரும் வகுப்பறையை விடுத்து, வரிக்கணக்கு ஏடுகள் இருந்த அலுவலகங்களுக்குச் சென்றனர். அவ்வேடுகள் சுவைபடப் படிக்கும் நூல்கள் அல்ல. எனினும், மாணாக்கர் கணக்கேட்டைத் திருத்திப் பழகிய கண்களுக்கு அவற்றிலிருந்த பிழை விரைவில் புலப்பட்டது.

நகரத் தெருக்களில் டிராம் வண்டி ஓட்டவும், எரிவாயுக் குழாய் பதிக்கவும், மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் கட்டவும் சில பெரிய கம்பெனிகள் நகராட்சியிடம் உரிமை பெற்றிருந்தன. தெரு பொதுமக்களுடையது, அதனைப் பயன்படுத்தும் உரிமையோ பெருவிலை உடையது. அவ்வுரிமையையும் சொத்தாக மதித்து வரி விதிக்கச் சட்டம் இடந்தந்தது. குடிசையில் வாழ்ந்தோன் வரி செலுத்தினான். இக்கம்பெனிகளின் உரிமைக்கு மட்டும் எவரும் மதிப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துப் பணம் போன வழி இதுவே.

அம்மையார் இதனைக் கூட்டங்கள் தோறும் எடுத்துரைத்தார். மாநிலத் தலைநகராகிய ஸ்பிரிங்பீல்டு சென்று வரிச் சமன்செய் கழகத்தாரிடம் முறையிட்டார். அவர்கள் அசையவில்லை. உடனே சங்கம் வழக்குத் தொடுத்தது. வழக்குச் செலவை ஆசிரியைகளே தம் சிறு ஊதியத்திலிருந்து ஈந்தனர். 1901-ஆம் ஆண்டில் இல்லினாய் உயர்முறை மன்றம், அவ்வுரிமைகளுக்கு மதிப்பிட்டே ஆகவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கம்பெனிகள் நடுவண் மன்றங்களை நாடித் தொகையைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. குறைத்த பின்னரும் ஏறத்தாழ 6,00,000 டாலர் கட்ட நேர்ந்தது. அதில் கல்விக் கழகத்தின் பங்கு 2,50,000 டாலர் அளவினது.

இதன்பின் நிகழ்ந்தது வியப்பிற்குரியது. ஆசிரியைகள் தேடிக் கொணர்ந்த அப்பணத்தைக் கல்விக் கழகம் நிலக்கரி வாங்குதற்கும் பழுது பார்த்தற்கும் ஒதுக்கியது, ஊதியத்தை மறந்தது. சங்கம் மீண்டும் மன்றம் ஏறியது. எட்வர்டு டன் என்னும் நீதிபதி 1904-ஆம் ஆண்டில் ஆசிரியைகளின் பக்கமே தீர்ப்புக் கூறினார். மறு ஆண்டில் அவரே சிக்காகோ நகரத் தலைவர் ஆனார்.

இதற்கிடையே, 1902-ஆம் ஆண்டில் சங்கம் சிக்காகோ தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்தது. கற்றோர் கைத்தொழிலாளரோடு சேர்தல் தகுமோ என்று பலர் முகம் சுளித்தனர். அன்று ஆசிரியைகளுக்கு வாக்குரிமை இல்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். வாக்குரிமை உடைய தொழிலாளர் துணை நின்றாலன்றிச் சட்டமன்றத்தில் அவர்தம் குரல் கேட்பார் எவர்? மேலும், பள்ளியில் இருந்த பிள்ளைகள் அத்தொழிலாளரின் பிள்ளைகளே.

தேசியக் கல்விச் சங்கத்தின் பேரவையில் அந்நாளில் கல்லூரித் தலைவரும் மேலதிகாரிகளுமே பேசுவர். உறுப்பினருள் மிகுதியான ஆசிரியைகள் கேட்டிருப்பர். 1901-ஆம் ஆண்டு டெட்ராய்ட்டு நகரில் கூடிய பேரவையில், நாட்டுக் கல்வி ஆணையர் ஆரிஸ் என்பார் பள்ளிகளின் செழிப்பைப் புகழ்ந்து பேசினார். அவையிலிருந்து ஹேலி எழுந்து மறுத்துரைத்தார். ஆண்டிறுதியில் களைத்துப்போன ஆசிரியையின் பேச்சைப் பொருட்படுத்தற்க என ஆணையர் அவையோரிடம் சொன்னார். அவ்விழிவுரைக்கு விடை மூன்றாண்டு கழித்துச் செயின்ட் லூயி நகரில் கிடைத்தது. அங்கே அதே பேரவையின் மேடையேறி, ஆசிரியர் ஏன் ஒன்றுசேர வேண்டும் என்பதை அம்மையார் விரித்துரைத்தார். ஊதியக் குறைவு, பணியில் உறுதியின்மை, அளவிறந்த வகுப்பு, கற்பிக்கும் முறையில் ஆசிரியர்க்குக் குரல் இன்மை என்பன அவர் காட்டிய குறைகள். ஆசிரியரைத் தொழிற்சாலைப் பொறியின் உறுப்புப்போல் ஆக்கிவிட்டால், பிள்ளைகளைச் சிந்திக்கப் பழக்குவார் யார் என்பதே அவர் கவலை.

1909-ஆம் ஆண்டில் எல்லா பிளாக் யங் அம்மையார் சிக்காகோ பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஆனார். மறு ஆண்டில் தேசியக் கல்விச் சங்கத்தின் முதற் பெண் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தேர்தலில் ஹேலியின் உழைப்புப் பெரிது.

பகை ஓயவில்லை. 1915-ஆம் ஆண்டில் கல்விக் கழகத்து ஜேக்கப் லோப் என்பாரின் முயற்சியால், தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புடைய அமைப்பில் ஆசிரியர் சேர்தல் கூடாது என்னும் விதி பிறந்தது. 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காகின் அம்மையார் மோட்டார் வண்டி மோதி இறந்தார். அவ்வாண்டிலேயே 68 ஆசிரியர்கள் வேலை இழந்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் சங்கத்தினர். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு என்னும் நாடளாவிய சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். சிக்காகோ சங்கமே அதன் முதற் கிளை.

1917-ஆம் ஆண்டில் ஓட்டிஸ் சட்டம் வந்தது. மூன்றாண்டு பணியாற்றிய ஆசிரியரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என அச்சட்டம் விதித்தது. ஆயின் நீக்கப்பட்டோர் மீண்டும் பணியேறுதற்குச் சங்கம் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. தொழிலாளர் கூட்டமைப்பினின்றும், தாம் முதற் கிளையாய் நின்ற நாடளாவிய சங்கத்தினின்றும் ஹேலியின் சங்கம் விலகியது. பதினைந்து ஆண்டு உறவு அறுந்தது. அதனைத் தோல்வி என்பாரும் உளர். வேலையிழந்து தெருவில் நின்ற தோழியரை முகங்கொண்டு நோக்க வேண்டியவர் அவரே. அந்நிலையை எண்ணாது குறைகூறுதல் எளிது.

பிற்காலத்தில் அவருடைய செல்வாக்குத் தேய்ந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியைகளின் தனிச் சங்கமாகவே தம் சங்கம் இருத்தல் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம் உடையவர். 1937-ஆம் ஆண்டில் பிற சங்கங்கள் இணைந்து சிக்காகோ ஆசிரியர் சங்கமாக உருவெடுத்தபோதும் அவர் சேரவில்லை. அவ்வகையில் காலத்தின் போக்கை அவர் உணர்ந்திலர் என்றே கூறுதல் வேண்டும். 1939-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5-ஆம் நாள், 77-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வளர்த்த சங்கம் 1968-ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. அவர் சொல்லி எழுதுவித்த தன்வரலாறு, போர்க்களம் என்று பொருள்படும் பெயரோடு 1982-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.