சட்டம் படித்த மறைப்பணியாளர்: அருள்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ்

19ஆம் நூற்றாண்டு, உலகின் பல பகுதிகளில் பழங்குடி மக்கள் தங்கள் மண்ணை இழந்த காலம். அமெரிக்காவில் செயேன் மக்களுக்கு 1851-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிலம், பொன் கிடைத்த செய்தி பரவியதும் பறிபோனது. 1864 நவம்பர் 29 அன்று சேண்ட் கிரீக் ஓடைக்கரையில் தங்கியிருந்த அவர்களைப் படைவீரர்கள் தாக்கினர். பெண்களும் சிறுவர்களும் முதியோரும் பெருமளவில் மாண்டனர்.

நம் நாட்டில் சோட்டா நாக்பூரின் முண்டா, ஒராவோன் மக்களுக்கும் இத்தகைய துயரமே நேர்ந்தது. காட்டைத் திருத்திய முன்னோரின் வழிவந்தோருக்கே அந்த நிலம் பொதுவில் உரியது என்பது முண்டாக்களின் மரபு. ஆனால் அதற்குப் பத்திரம் இல்லை. ஜமீன்தார்கள் வாரத்தை உயர்த்தினர், கூலியின்றி வெட்டி வேலை வாங்கினர். நீதிமன்றம் கேட்ட காகிதம் இம்மக்களிடம் இல்லாததால் வழக்குகளில் தோற்றனர்.

இவர்களிடையே 1885-இல் வந்து சேர்ந்தவர்தான் இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ். 1856-இல் பெல்ஜியத்தின் மூர்ஸ்லேட் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1880-இல் இந்தியா வந்து, 1883-இல் குருத்துவ அருள்பொழிவு பெற்றார். தோர்ப்பாவில் தங்கிய அவர் மக்களின் மொழியைக் கற்றார். அத்தோடு நிலச் சட்டங்களையும் படித்தார். எவ்வளவு வாரம் கொடுக்க வேண்டும், எதை மறுக்கலாம், ரசீது ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்று மக்களுக்கு எடுத்துரைத்தார். வழக்கு நடத்தவும் துணை நின்றார். சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் திருச்சபையைத் தேடி வந்தனர்.

நிலத்துக்காக வருபவர்களின் விசுவாசம் நிலைக்குமா என்ற ஐயம் அன்று எழுந்தது. லீவன்சோ, வந்தவர்களுக்குக் கற்பிக்க ஊர்தோறும் வேதியர்களை அமர்த்தினார். குதிரை மீதும் கால்நடையாகவும் ஓயாது அலைந்த அவரைக் காசநோய் பற்றியது. 1892-இல் தாயகம் திரும்பி, 1893 நவம்பர் 7 அன்று லூவேன் நகரில் 37-ஆம் வயதில் இறந்தார்.

அதன்பின் பிர்சா முண்டா தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1900-இல் அவர் ராஞ்சி சிறையில் இறந்தார். 1908-இல் பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் உருவாக்கத்தில் மற்றொரு இயேசு சபைக் குருவான ஹாஃப்மன் பங்காற்றினார். லீவன்ஸ் விதைத்த விசுவாசமும் நிலைத்தது. அம்மண்ணின் மகனான பேராயர் டெலஸ்போர் டோப்போ 2003-இல் கர்தினால் ஆனார்.

காஞ்சிபுரம் நகர் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. நிலமற்ற தலித் மக்களின் நிலையை ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க முடிவு செய்தது. அதுவே பஞ்சமி நிலம். அதில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போனது.

அன்பார்ந்தவர்களே, முன்பணச் சீட்டில் கைநாட்டு வைக்கும் நெசவாளியும், பட்டாவுக்காக அலையும் ஏழையும் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்காகச் செபிக்கும் நாம், அந்தக் காகிதத்தை ஒருமுறை வாசித்துக் காட்டவும் முன்வருவோமா?