கைவிளக்கும் கணக்கேடும்

அண்ணாமலை நகரில் செவிலியர் கல்வி முடித்து, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பிணியாளருக்குத் தொண்டு செய்யும் பிள்ளைகள் நம் பகுதியில் பலர் உண்டு. படிப்பின் தொடக்கத்தில் அவர்கள் விளக்கேந்தி உறுதிமொழி எடுப்பதைப் பார்த்துக் கண் கலங்கிய பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். கைவிளக்கேந்திய காரிகை என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் நினைவாகவே அந்த விளக்கு ஏற்றப்படுகிறது. ஆனால் அம்மையாரின் கையில் போர்க்கள விளக்கு இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. கணக்கேடும் பேனாவும் இருந்ததோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அதில் பெரும்பகுதி, அவர் ஒருநாளும் காலடி வைக்காத நம் நாட்டைப் பற்றியது. அந்தப் பாதியைப் பாடநூல்கள் நமக்குச் சொல்லவில்லை.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வச் செழிப்புள்ள ஆங்கிலேயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. தந்தையிடமே இலத்தீன், கிரேக்கம் முதலியவற்றைக் கற்றார். கணிதத்தில் மிகுந்த நாட்டம். பதினாறாம் வயதில் இறைவன் தம்மை ஒரு பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். அது நோயாளரைப் பேணும் பணி என்று தெளிந்து வீட்டில் சொன்னபோது எல்லோரும் திடுக்கிட்டனர். அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதி என்றால் குடிப்பழக்கமும் கெட்ட பெயரும் உடையவள் என்றே பலரும் கருதினர். வந்த வரன்களை மறுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

அம்மையார் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவருடைய வாழ்வில் கத்தோலிக்கக் கன்னியருக்குத் தனி இடம் உண்டு. உரோமை நகரில் திரினிதா தேய் மோந்தி மடத்தில் பத்து நாள் தியானத்தில் தங்கினார். 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சீர்திருத்த சபையார் நிலையத்தில் மூன்று மாதம் பயின்றார். பின்பு பாரிஸ் நகரில் பிறரன்புக் கன்னியரின் பணியை நேரில் கண்டார். 1854இல் கிரிமியப் போரில் காயமுற்றவர்களைப் பேண அவர் புறப்பட்டபோது உடன் சென்ற 38 பெண்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் பெர்மண்ட்ஸி இரக்கத்தின் கன்னியர் மடத் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், 1874இல் தாம் இறக்கும்வரை அம்மையாரின் நெருங்கிய தோழியாக இருந்தார்.

துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் அவர்கள் கண்டது நரகம். தரையெங்கும் நோயாளிகள், கட்டடத்தின் அடியில் அடைபட்ட சாக்கடை. அம்மையார் சமையற்கூடத்தையும் சலவையையும் ஒழுங்குபடுத்தினார், இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். அப்படியும் சாவு குறையவில்லை! 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைத் தோண்டித் துப்புரவாக்கி, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பிறகே நிலைமை மாறியது. பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்றிருந்த இறப்பு ஜூன் மாதத்தில் 2 என்றானது.

நாடு திரும்பிய அம்மையாரை மக்கள் தெய்வமாகக் கொண்டாடினர். அவரோ கதவை மூடிக்கொண்டு, புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையுடன் இறந்தவர்களை எண்ணத் தொடங்கினார். போர்க்காயத்தால் மாண்டவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே பன்மடங்கு அதிகம் என்பது தெரிந்தது. அதைப் படிப்பறிவு குறைந்தவரும் ஒரே பார்வையில் உணரும்படி வண்ண வட்டப் படங்களாக வரைந்தார். 1858இல் இலண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். செவிலியர் ஆராய்ச்சி என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவதற்கு விதை போட்டவர் அவரே எனலாம்.

போர்முனையில் பற்றிய காய்ச்சல் அவரை விடவில்லை. 1857 முதல் நெடுங்காலம் படுக்கையிலேயே கிடந்தார். இது முக்கியமானது. பிணியாளரைப் பேணும் கலையை அவர் ஒரு பிணியாளராக இருந்துகொண்டே எழுதினார். 1859இல் எழுதிய செவிலியர் கலைக் குறிப்புகளில் நோயாளியின் பக்கத்திலிருந்தே பேசுகிறார். அறை வாசலில் நின்று கிசுகிசுக்கக் கூடாது; செவிலி எப்போது போவார், எப்போது திரும்புவார் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அவருக்கு எந்த வேளையில் எந்த உணவு ஏற்கிறது என்று கவனித்தே கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் பொய்யான தைரியமும் கேளாத வைத்தியமும் சொல்லிச் சோர்வூட்டுவதை அவர் கண்டிக்கும் பகுதியைப் படித்தால், பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், இதே நோயில் போன சித்தப்பாவின் கதையைச் சொல்லிவிட்டு வரும் நம்மைப் பார்த்தே எழுதினாரோ என்று தோன்றும். 1860இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

அதே காலத்தில்தான் இந்தியா அவர் மேசைக்கு வந்தது. இங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருந்தனர். ஒவ்வொரு படைநிலையத்துக்கும் அம்மையார் கேள்வித்தாள் அனுப்பினார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, சிப்பாய் என்ன உண்கிறான், எவ்வளவு குடிக்கிறான்? பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. 1863இல் அரச ஆணைக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. மறு ஆண்டே சென்னை, பம்பாய், வங்க மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. பத்து ஆண்டுகளில் இறப்பு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்ததை அவரே எடுத்துக் காட்டினார்.

படைவீரனுக்கு உத்தரவிடலாம். கிராமத்து மக்களுக்கு? அம்மையாரின் நெடுங்காலக் கவலை இதுவே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த செய்தி அவரை உலுக்கியது. வயிறு காய்ந்தவனிடம் சுகாதாரம் பேசிப் பயனில்லை என்று கண்டு, பாசனத்துக்காகப் போராடிய ஆர்தர் காட்டன் துரையின் பக்கம் உறுதியாக நின்றார். இந்தக் காட்டன்தான் 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கீழணையைக் கட்டியவர். வடவாறு வழியே வீராணத்துக்கும், சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்கும் தண்ணீர் தருவது அந்த அணையே.

வெளியிலிருந்து அதிகாரி வந்து சட்டம் போட்டால் கிணறு சுத்தமாகிவிடாது என்று அவர் தெளிந்தார். வீட்டுப் பெண்கள் ஏன் என்று அறிந்து மனம் ஒப்பினாலொழியப் பழக்கம் மாறாது. 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பெண்களுக்குப் பயிற்சியளித்துக் குடிசைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை முன்னின்று தூண்டினார். மேடைப் பேச்சு கூடாது. வீட்டுக்குள் சென்று, நட்பாகி, குழந்தையின் பாலும் படுக்கையும் பற்றித் தாயிடம் பேச வேண்டும் என்பதே முறை. 1896இல், எழுபத்தாறு வயதில், இந்தியக் கிராமங்களுக்கும் இத்தகைய சுகாதாரத் தூதர் வேண்டும், அவர்கள் மக்களின் மொழியும் வழக்கமும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று எழுதினார். அரசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் நம் திண்ணையில் அமர்ந்து இரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்கும்போது அந்த யோசனையே நடந்து வருவதாக எனக்குத் தோன்றுகிறது.

அவரிடம் குறை இல்லாமலில்லை. நோய்க்குக் கெட்ட காற்றே காரணம் என்று நெடுங்காலம் பிடிவாதமாக நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். காரணம் பிசகினாலும், அவர் சொன்ன துப்புரவு உயிர்களைக் காத்தது.

கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியது. 1907இல் பிரிட்டனின் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானபோது நினைவும் தளர்ந்திருந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், 90ஆம் வயதில் கண்மூடினார். மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, அவர் விருப்பப்படி உறவினர் மறுத்துவிட்டனர். ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்க் கோயில் முற்றத்தில், குடும்பக் கல்லறைக் கல்லில், அவருக்கென்று பெயரின் இரண்டு முதலெழுத்துகளும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.