இடரிலும் நிலைகுலையாத உடையவர்

ஸ்ரீவைஷ்ணவ தர்சனத்தை நிலைநிறுத்திய பகவத் ராமாநுஜர், கி.பி. 1017-ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தருளினார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த க்ஷேத்ரமும், அவர் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்ற மதுராந்தகமும் நம் தொண்டை நாட்டின் பெரும் பேறுகளாகும்.

ஆளவந்தாரை ஸேவிக்க விரும்பி அவர் ஸ்ரீரங்கம் சென்றபோது, அவ்வாசாரியர் பரமபதித்திருந்தார். திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்ட ராமாநுஜர், அத்துயரத்தினூடேயே ஆசாரியரின் மூன்று மனோரதங்களையும் நிறைவேற்றுவதாகப் பிரதிஜ்ஞை செய்தார். அவற்றுள் ஒன்றே பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யமாக மலர்ந்தது. பின்பு பெரிய நம்பிகளைத் தேடிப் புறப்பட்டவர், தம்மை நாடி எதிரே வந்த அவரை மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில் கண்டார். காலதாமதம் செய்யாது அங்குள்ள மகிழ மரத்தடியிலேயே த்வய மந்த்ரோபதேசம் பெற்றார்.

ஸ்ரீரங்கத்துக் கோயில் நிர்வாகத்தை அவர் சீர்திருத்தியபோது, அது பொறாதார் பிக்ஷையில் விஷம் கலந்தனர். அன்னமிட வந்த மாதரசி அதனைக் குறிப்பால் உணர்த்தினாள். ஸ்வாமியோ எவர்மீதும் சினங்கொள்ளவில்லை. தம்மிடம் அபசாரம் உண்டோ என்று ஆராய்ந்து உபவாசமிருந்தார். சீர்திருத்தத்தையும் கைவிட்டாரில்லை.

பின்னர்ச் சோழ மன்னனால் பேராபத்து நேர்ந்ததென்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. காஞ்சியை அடுத்த கூரத்தில் பிறந்த ஆழ்வான், ஆசாரியரின் காஷாயத்தைத் தாம் தரித்து, பெரிய நம்பிகளுடன் அரசவை சென்றார். உடையவர் வெள்ளை உடுத்து மேல்நாடு எழுந்தருள நேர்ந்தது. தமக்காகக் கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். பெரிய நம்பிகள் உயிர் நீத்தார். இச்செய்தி எட்டியபோது உடையவர் கதறியழுதார்.

ஆயினும் அவர் ஏற்ற கைங்கர்யம் நின்றுவிடவில்லை. மேல்கோட்டையில் திருநாராயணன் ஸந்நிதியைப் புதுப்பித்தார். செல்வப்பிள்ளையை மீட்க உதவிய, ஒதுக்கப்பட்டிருந்த மக்களைத் திருக்குலத்தார் எனப் போற்றி, ஆலயப் பிரவேசம் அளித்தார். தாம் இல்லாதபோதும் திருப்பணி தடைபடாதவாறு ஐம்பத்திருவரை நியமித்தார். ஆபத்து நீங்கிய பின்னரே ஸ்ரீரங்கம் மீண்டார். 1137-ஆம் ஆண்டு அங்கேயே பரமபதித்தார்.

அடியார்களே! கண்ணீரே வாராமை திடசித்தம் ஆகாது. பிறர் நமக்காகப் பட்ட துன்பத்தை நெஞ்சில் தாங்கி, அதற்கு ஈடான நற்பணியைச் செய்து முடிப்பதே திடசித்தமாம். குடும்பத்திற்கோ ஊருக்கோ பொறுப்பேற்று நிற்போர் இதனை உடையவரிடம் கற்கலாகும். கடல்மல்லைத் தலசயனப் பெருமாளை ஸேவித்துச் செல்வோர், மதுராந்தகத்து மகிழ மரத்தடியிலும் சற்றே நின்று அவரை நினைப்பார்களாக.