ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி (ஆகஸ்ட் 22, 1877 – செப்டம்பர் 9, 1947) இலங்கையில் பிறந்த கலை வரலாற்றாய்வாளரும், மெய்யியலாளரும், அருங்காட்சியகக் காப்பாளரும் ஆவார். இந்தியக் கலையை மேலைநாட்டாருக்கு எடுத்துரைத்தவராகப் பரவலாக அறியப்படும் இவர், மரபுவழி அணிகலன்களையும் பிற கைவினைப் பொருட்களையும் சேகரித்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். பொருளை மட்டுமன்றி, அதனை ஆக்கும் முறையையும் ஆக்கிய கைவினைஞரின் வாழ்வையும் பதிவு செய்தது இவரது சிறப்பாகும். அணிகலன் மிகையான ஒப்பனையன்று, அது பயன் கருதி எழுந்தது என்பது இவரது முதன்மையான கருத்துக்களுள் ஒன்று.

பிறப்பும் கல்வியும்

இவர் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி இலங்கைச் சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்த தமிழர். தாயார் எலிசபெத் ஆங்கிலேயர். ஆனந்தருக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே, 1879 இல் தந்தையார் காலமானார். அதன் பின் இங்கிலாந்தில் தாயாரால் வளர்க்கப்பட்டார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, 1900 இல் நிலவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார்.

இலங்கையில் பணி

1902 இல் எதெல் பார்ட்ரிட்ஜ் என்பவரை மணந்தார். எதெலின் உடன்பிறந்தவரான பிரெட் பார்ட்ரிட்ஜ் நகை செய்யும் கைவினைஞர். இலங்கைக் கனிம அளவைத் துறையின் முதல் இயக்குநராக 1903 முதல் 1906 வரை குமாரசுவாமி பணியாற்றினார். தோரியனைட்டு என்னும் கனிமத்தை 1904 இல் கண்டறிந்தது இக்காலத்திலேயே ஆகும்.

கனிமங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்ற இவர், கண்டிப் பகுதியில் பொற்கொல்லர், தச்சர், நெசவாளர், குயவர் ஆகியோரின் தொழில் நலிந்து வருவதைக் கண்டார். கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் வசமாகும் வரை, கைவினைஞர் அரசனுக்கும் கோயிலுக்கும் ஆற்றிய பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். அரசு வீழ்ந்ததும் அந்த ஆதரவு தளர்ந்தது. இறக்குமதிப் பொருட்கள் உள்ளூர்ப் பொருட்களின் இடத்தைப் பிடித்தன. பழைய நகையை உருக்கிப் புதியது செய்வது எங்கும் உள்ள வழக்கமாதலால், முன்னோர் செய்த அணிகலன்கள் எஞ்சுவதும் அரிதாயிற்று. இந்நிலையே இவரைச் சேகரிப்பாளராக்கியது எனலாம். மேலைநாட்டு உடையையும் பழக்கங்களையும் கண்மூடிப் பின்பற்றுவதை எதிர்த்து, 1906 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைப்பதிலும் பங்கு கொண்டார்.

மத்தியகாலச் சிங்களக் கலை

இத்தேடலின் விளைவாக மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய இவரது ஆங்கில நூல் 1908 இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டென் என்னும் ஊரிலிருந்த தமது இல்லத்தில், கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மொரிசின் அச்சகத்துக்கு உரியதாக இருந்த கையச்சுப் பொறியைக் கொண்டு இதனை அச்சிட்டார். 425 படிகள் மட்டுமே அச்சாயின.

கண்டிய நகைகளில் மணிகள் பெரும்பாலும் பட்டை தீட்டப்படாமல், வழுவழுப்பாக மெருகேற்றிப் பதிக்கப்பட்டிருக்கும். ஒளிச்சிதறலைவிட நிறத்துக்கே அங்கு மதிப்பு அதிகம். பொற்கம்பிகளை முறுக்கி இணைக்கும் வேலையும், நுண்ணிய பொன்மணிகளை ஒட்டும் வேலையும் இவற்றின் சிறப்புக் கூறுகளாகும். பொன், வெள்ளி வேலைகளை ஆராயும்போது கைவினைஞரின் சமூக அமைப்பையும் நில உரிமையையும் சேர்த்தே இந்நூல் ஆராய்கிறது.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும்

1910–11 இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் கண்காட்சியில் கலைப் பிரிவு இவர் பொறுப்பில் இருந்தது. இந்திய, இலங்கைக் கலைகளும் கைவினைகளும் பற்றிய நூலை 1913 இல் வெளியிட்டார். இந்திய அணிகலன்கள் பலவற்றின் வடிவங்கள், மலரையும் மொட்டையும் விதையையும் கோத்து அணிந்த பழைய வழக்கத்திலிருந்து வந்தவை என்பது இவரது விளக்கமாகும். தமிழகத்தின் மாங்காய் மாலை, முல்லை அரும்பு மாலை ஆகிய பெயர்கள் இங்கு நினைவுகூரத்தக்கவை.

தமது சேகரிப்பை இந்தியாவிலேயே வைக்க விரும்பிய இவர், காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. 1917 இல் இராசபுத்திர ஓவியங்களை முதன்மையாகக் கொண்ட அச்சேகரிப்பை டென்மன் ராஸ் என்பவர் வாங்கி, அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். குமாரசுவாமியும் அங்கு இந்தியக் கலைப் பிரிவின் முதல் காப்பாளராகி, இறுதிவரை அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

அணிகலன் பற்றிய கருத்து

1939 இல் அணி என்னும் பொருள் குறித்து இவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. அலங்காரம் என்னும் வடசொல்லில் உள்ள அலம் என்பது போதுமானது என்று பொருள்படும். எனவே அலங்கரித்தல் என்பது குறையை நீக்கி நிறைவாக்குதல் ஆகும் என்று இவர் வாதிட்டார். கிரேக்கம் முதலிய மொழிகளிலும் இதற்கு இணையான சொல்வரலாறு உண்டு எனக் காட்டினார். பயன்பாட்டிலிருந்து பிரிந்த பின்னரே அணி வெறும் அழகாகச் சுருங்கியது என்பது இவரது முடிவு. தமிழில் அணி என்ற சொல் நகையையும், செய்யுளின் பொருளைச் சிறப்பிக்கும் உறுப்பையும் குறிப்பது ஒப்புநோக்கத்தக்கது.

அருங்காட்சியகப் பொருட்கள் காட்சிக்காக ஆக்கப்பட்டவை அல்ல, வாழ்வில் பயன்பட்டவை என்பதைக் காப்பாளராக இருந்துகொண்டே இவர் வலியுறுத்தி வந்தார்.

மறைவும் மதிப்பீடும்

1947 ஆகஸ்டில் நடந்த எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், இந்தியாவுக்குத் திரும்பும் விருப்பத்தை வெளியிட்டார். சில வாரங்களில் அமெரிக்காவின் நீடம் நகரில் காலமானார்.

சாதி சார்ந்த பழைய தொழில் அமைப்பை இவர் மிகையாகப் போற்றினார் என்னும் திறனாய்வு உண்டு. எனினும், ஒரு நகையைக் காண்பவர் அதன் எடையையும் விலையையும் மட்டுமன்றி, அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார், எதற்காக அது அணியப்பட்டது என்பவற்றையும் கேட்கவேண்டும் என்பதை இவரது பணி உணர்த்துகிறது.