ஏழையின் வழக்கை ஏற்ற பாரிஸ்டர்

காந்தியடிகளை நாட்டின் விடுதலைக்குப் பாடுபட்ட தலைவராக நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன் அவர் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அத்தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்கள் முஸ்லிம் வணிகப் பெருமக்கள். அதன் பயனைப் பெற்றவர்களுள் தமிழகத்திலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்களும் உண்டு. அந்த வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது பயனுடையது எனக் கருதி இங்கே தருகின்றோம்.

1869 அக்டோபர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, 1891-இல் இலண்டனில் பாரிஸ்டரானார். தாயகம் திரும்பிப் பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்கு நா எழவில்லை. பெற்ற கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். அத்தகைய இளைஞரைத்தான் 1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தார், 105 பவுன் ஊதியத்தில், தங்கள் வழக்கில் துணைபுரியத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தனர்.

டர்பன் வந்திறங்கிய சில நாட்களில் அவர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தலைப்பாகையைக் கழற்றுமாறு மாஜிஸ்திரேட் கூறினார். காந்தி மறுத்து வெளியேறினார். பிரிட்டோரியா செல்லும் வழியில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறத்தின் காரணமாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து இறக்கப்பட்டார். அந்தக் குளிர் இரவில், ஊர் திரும்புவதா, உரிமைக்காகப் போராடுவதா என்று சிந்தித்துப் போராட்டத்தையே தேர்ந்தார்.

அவர் வந்த வழக்கு, தாதா அப்துல்லாவுக்கும் அவருடைய உறவினரான தய்யப் ஹாஜி கான் முஹம்மதுவுக்கும் இடையே 40,000 பவுன் பற்றியது. வழக்கு நீண்டால் இரு தரப்பும் அழியும் என்பதைக் கண்ட காந்தி, அதனை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுசென்றார். தாதா அப்துல்லா வென்றார். தோற்றவர் ஒரே தவணையில் செலுத்த நேர்ந்தால் திவாலாகிவிடுவார் என்பதால், நீண்டகாலத் தவணைகளை ஏற்குமாறு வென்றவரை இணங்கச் செய்தார்.

பணி முடிந்து அவர் புறப்படவிருந்த 1894-இல், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நேட்டால் சட்டமன்றத்தில் வந்தது. வணிகர்கள் அவரை இருக்குமாறு வேண்டினர். பொதுப்பணிக்கு ஊதியம் பெற அவர் உடன்படவில்லை. ஆகவே சுமார் இருபது வணிகர்கள் தத்தம் சட்ட வேலைகளுக்கு ஓராண்டு முன்பணம் தர, தாதா அப்துல்லா அவருக்கு வேண்டிய மரச்சாமான்களை வாங்கித் தந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் நிறுவப்பட்டது. நேட்டால் வழக்கறிஞர் சங்கத்தின் எதிர்ப்பையும் மீறி, காந்தி உச்ச நீதிமன்ற வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. காங்கிரஸின் சந்தா மாதம் ஐந்து ஷில்லிங். கரும்புத் தோட்டங்களிலும் வீடுகளிலும் உழைத்த ஒப்பந்தக் கூலிகளுக்கு அது எட்டாத தொகை. உரிமை கோரிய அச்சங்கத்தில், உரிமை மிகுதியும் இழந்தவர்களுக்கே இடமில்லாதிருந்தது.

காந்தி தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன நிலையில், கிழிந்த உடையும், உடைந்த முன்பற்களும், இரத்தம் வழியும் வாயுமாக ஒருவர் அவர் அலுவலகத்தில் வந்து நின்று அழுதார். தலைத்துண்டு அவர் கையில் இருந்தது. வெள்ளையர் முன் கூலிகள் அவ்வாறே நிற்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். அவர் பெயர் பாலசுந்தரம், தமிழர். எசமானர் அடித்த செய்தியைக் காந்தியின் தமிழ் எழுத்தர் விளக்கினார். துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தி முதலில் கூறினார். பின் மருத்துவரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் நேரே அழைத்துச் சென்றார். எசமானருக்குச் சம்மன் பிறந்தது.

சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டாலோ சிறைக்குரிய குற்றம். ஆகவே எசமானரைத் தண்டிப்பதைவிடப் பாலசுந்தரத்தை அவரிடமிருந்து விடுவிப்பதே காந்தியின் நோக்கமாயிற்று. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றலாம் எனச் சட்டத்தில் வழி இருந்தது. வேறோர் எசமானரைக் காந்தியே தேடிக் கண்டு, ஒப்பந்தத்தை மாற்றச் செய்தார்.

இச்செய்தி தோட்டங்கள்தோறும் பரவிற்று. அதன்பின் கூலித் தொழிலாளர்கள் அவர் அலுவலகத்துக்கு ஓயாது வரலாயினர். 1895-இல் ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதவர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்கப்பட்டபோது, வணிகர்களின் சங்கமாயிருந்த காங்கிரஸ் அவ்வேழைகளுக்காகப் போராட முன்வந்தது.

பின்னர் ஜோஹன்னஸ்பர்க் நகரசபை இந்தியர் குடியிருப்பைக் கையகப்படுத்தியபோது, இழப்பீட்டுக்காகச் சுமார் 70 வழக்குகளைக் காந்தி நடத்தினார். ஒன்றைத் தவிர யாவும் வெற்றி. வழக்குக்கு 10 பவுன் மட்டுமே கட்டணம் பேசி, அதிலும் பாதியை ஏழைகளுக்கான மருத்துவமனை போன்ற பணிக்கு ஒதுக்க எண்ணினார்.

1913-இல் கேப் மாகாண நீதிமன்றம், முஸ்லிம் முறைப்படி நடந்த ஒரு திருமணத்தைச் சட்டம் ஏற்காது எனத் தீர்ப்பளித்தது. இந்துக்களின் திருமணங்களும் அதனால் கேள்விக்குள்ளாயின. நீதிமன்றக் கதவு அடைபட்ட அந்நிலையில், பெண்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சிறை சென்றனர். கடன் கொடுத்த வெள்ளையரின் நெருக்கடியால் தம் வாணிபத்தையே இழந்தும் அஹமது முஹம்மது கச்சாலியா போராட்டத் தலைமையில் உறுதியாய் நின்றார். 1914-ஆம் ஆண்டுச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கி, அத்திருமணங்களுக்கும் ஏற்பளித்தது.

அவர் பணியிலும் எல்லைகள் இருந்தன. அவ்வாண்டுகளில் அவர் பெரிதும் இந்தியருக்காகவே வாதாடினார். ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அக்காலத்தில் அவர் தாழ்வாக எழுதியவை இன்று கண்டிக்கப்படுகின்றன. அதை மறைப்பது நேர்மையன்று.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பாலசுந்தரத்திடம் கொடுக்கப் பணம் இல்லை. வணிகர்கள் தந்த முன்பணமே அவருக்கான அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தது. வசதியுள்ளோர் தம் வழக்குக்காக அமர்த்திய வழக்கறிஞர், வசதியற்றோருக்கும் வாய்த்தார். சந்தா கட்ட இயலாதவர் வந்து நிற்கும்போது, அவர் தலைத்துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, குறையைக் கேட்டு, உடன் சென்று நிற்க ஒருவர் இருக்கின்றாரா? சங்கம் எதுவாயினும், ஆண்டறிக்கை எழுதும் வேளையில் இக்கேள்வியையும் கேட்டுக்கொள்வோமாக.