சாது சுந்தர்சிங் கண்ட விண்ணுலகம்

இறந்தோர் எங்குளர், எந்நிலையில் உளர் என்னும் வினா துயருற்ற இல்லந்தோறும் எழுவதொன்றாகும். மகவை இழந்த தாயும் தாயை இழந்த மகனும் அவ்வுலகினின்று ஒரு செய்தி வாராதா என ஏங்குதல் இயல்பே. அங்குச் சென்று மீண்டேன் என ஒருவர் கூறுவாராயின், ஏங்கிய நெஞ்சம் அச்சொல்லை ஆராயாமலே பற்றிக்கொள்ளும். அதனை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதற்குச் சாது சுந்தர்சிங்கின் வரலாறு துணைசெய்யுமாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்து ராம்பூர் என்னும் ஊரில், செல்வமிக்க சீக்கியக் குடும்பத்தில், 1889-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் சுந்தர்சிங் பிறந்தார். அவர்தம் அன்னையார் பத்தியிற் சிறந்தவர். தம் இளமகன் உலகப்பற்றில் உழலாது சாதுவாதல் வேண்டுமென விழைந்தவர். பதினான்காம் வயதளவில் அவ்வன்னையை இழந்த சுந்தர், எங்கும் அமைதி காணாது கலங்கினார். மிஷன் பள்ளியிற் பயின்ற அவர், கிறிஸ்துமார்க்கத்தின்மீது கொண்ட வெறுப்பால் வேதநூலைத் தீயிலிட்டார். 1904-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள், மெய்க்கடவுள் தமக்கு வெளிப்படாவிடின் இருப்புப்பாதையில் உயிர்விடுவதெனத் துணிந்து, விடியுமுன் எழுந்து வேண்டினார். அப்பொழுது ஒளியினிடையே கிறிஸ்துநாதரைக் கண்டார். அதன்பின் வீட்டார் அவரை விலக்கினர். 1905 செப்டம்பர் 3-ஆம் நாள் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். காவியுடை தரித்து ஊர்தோறும் சென்று நற்செய்தி கூறலானார்.

1918-இல் அவர் தென்னாட்டிற்கு வந்தார். 1920-இல் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் சென்றார். அவர்தம் வாய்மொழிகளைக் கேட்டு ஆராய்ந்து, ஆக்ஸ்போர்டு அறிஞர் ஸ்திரீட்டரும் பாளையங்கோட்டையிற் பிறந்த அ. ஜே. அப்பாசாமி அவர்களும் 1921-இல் ஒரு நூல் வெளியிட்டனர். சாது தியானத்தில் தம்மை மறந்து விண்ணுலகைக் கண்டதாகக் கூறியவை அந்நூலில் இடம்பெற்றன. கிறிஸ்து அரியணைமீது நடுநாயகமாக வீற்றிருக்கின்றார். அவரிடத்தினின்று ஒளியலைகள் எழுந்து, சூழ்ந்துள்ள தூயோர் அனைவரையும் ஊடுருவிப் பாய்கின்றன. அங்கே சொல்லின்றியே உள்ளம் உள்ளத்தொடு பேசுகின்றது. இவை அவர் கண்ட காட்சிகளுட் சில.

இக்காட்சிகளைச் சாது பொதுமேடைகளிற் பேசுவதைத் தவிர்த்தார். 1926-இல் ஆவியுலகக் காட்சிகளைப் பற்றித் தனிநூல் எழுதியபோதும், தம் விருப்பத்தால் அன்று, நண்பர்தம் வற்புறுத்தலாலேயே வெளியிடுவதாக அதன் முகவுரையிற் கூறினார்.

இவற்றை வேதாகமத்தொடு ஒப்பிடுவோம். அரியணைமீது அமர்ந்த கிறிஸ்து யோவானின் வெளிப்படுத்தலிலும் உளர். ஆதலின் இக்காட்சி அதனொடு பொருந்துகின்றது. ஆயின், இம்மையிற் கிறிஸ்துவை அறியாது இறந்தோர் பலர் இடைநிலை உலகிற் போதனை பெற்று ஒளியை நோக்கி வளர்வர் எனத் தமக்குக் காட்டப்பட்டதாகவும் சாது கூறினார். இங்கேதான் நம் துலாக்கோல் நடுங்குகின்றது. அவர்தம் அன்னையாரும் கிறிஸ்தவரல்லராகவே இறந்தவரன்றோ? அத்தகைய அன்பரை இழந்த எவரும் இதனை உண்மையெனக் கொள்ளவே விழைவர். பேதுருவின் முதல் நிருபம் காவலிலுள்ள ஆவிகளுக்குக் கிறிஸ்து பிரசங்கித்ததைக் குறிப்பிடுகின்றது; லூக்காவின் சுவிசேஷமோ செல்வனுக்கும் லாசருவுக்குமிடையே கடக்கவியலாப் பெரும்பிளவு இருந்ததைக் காட்டுகின்றது. வேதம் இவ்வாறு திறந்தும் திறவாமலும் வைத்த வாயிலை, ஒரு மனிதர் கண்ட காட்சியைக்கொண்டு முற்றத் திறத்தல் தகாது. நம் விழைவு எங்கு மிகுகின்றதோ அங்கே துலாக்கோலை இன்னும் உறுதியாகப் பிடித்தல் வேண்டும். இதனால் அன்னையார்க்கு வீடில்லை என்று நாம் தீர்ப்புக் கூறுகின்றோமல்லோம். அத்தீர்ப்பு இரக்கமுள்ள இறைவனுக்கே உரியது.

பவுலடிகள் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பதினான்கு ஆண்டுகளின்பின் குறிப்பிட்டபோதும், ஆங்குக் கேட்டவற்றை வெளியிட்டாரல்லர். நான்குநாள் கல்லறையிற் கிடந்த பெத்தானியா லாசரு அவ்வுலகைப் பற்றி உரைத்ததொன்றும் எழுதப்படவில்லை. உவமையில் வரும் செல்வன், இறந்தோருள் ஒருவனைத் தன் சகோதரரிடம் அனுப்புமாறு வேண்டியபோது, மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்குப் போதும் என்பதே மறுமொழியாயிற்று. விண்ணினின்று வரும் செய்தி விசுவாசத்திற்கு அடிப்படையாகாது என்பதனை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?

சாதுவின் சொற்கள் மெய்யோ என ஐயுற்று ஐரோப்பாவில் பிஸ்டர் முதலியோர் அவரைத் தாக்கினர். ஹைலர் என்னும் பேராசிரியர் அவர் சார்பில் வாதாடினார். அவ்வழக்கினுள் நாம் புகவேண்டுவதில்லை. கண்டவர் வாய்மையுடையவரே ஆயினும், அவர் கண்டது அவர்க்கு ஆறுதலாகலாம், திருச்சபைக்குக் கோட்பாடாகாது. காட்சிகளைக் காட்டிலும் கிறிஸ்துவையே மிகுதியாகப் பேசிய சாதுவின் ஒழுகலாறும் இதனையே நமக்குக் கற்பிக்கின்றது.

நோயால் உடல் தளர்ந்திருந்தும், 1929-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் திபெத்தை நோக்கிப் புறப்பட்டார். அதன்பின் அவரைக் கண்டாரில்லை. தாம் கண்ட விண்ணுலகைப் பற்றி எழுதி முடித்து அமராமல், அதனைக் காணாதார்க்கு நற்செய்தி கூறவே அவர் மலையேறினார். நண்பர்காள், அவர்தம் காட்சிகளை வேதத்தின்கீழ் வைத்துப் படிப்போமாக. அவர் நடந்த வழியினையோ அச்சமின்றிப் பின்பற்றுவோமாக.