மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (இறப்பு: ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்த சதுரங்க வீரர் ஆவார். இவர் பிறந்த மித்தா திவானா தற்போது பாகிஸ்தானில் உள்ளது.

வாழ்க்கைக் குறிப்பு

இளமையில் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் இவரை ஆதரித்து, ஐரோப்பிய முறையைக் கற்பித்து, 1929இல் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டிலும், 1932, 1933 ஆம் ஆண்டுகளிலும் பிரித்தானிய வாகையர் பட்டம் வென்றார்.

ஹேஸ்டிங்ஸ் ஆட்டம்

1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கப்பாபிளாங்காவை எதிர்கொண்டார். தொடக்க ஆட்டம் பற்றிய நூலறிவு குறைவாயினும், வெள்ளைக் காய்களுடன் ஆடி 65 நகர்வுகளில் வென்றார். போட்டியில் மூன்றாமிடம் பெற்றார்.

பிற்காலம்

1933 இறுதியில் புரவலருடன் தாயகம் திரும்பினார். அதன்பின் ஐரோப்பாவில் ஆடவில்லை. சர்கோதாவில் காலமானார். 2024இல் பன்னாட்டு சதுரங்கக் கூட்டமைப்பு இவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.